மறுத்த வாய்

என் அப்பாவுக்குச் சரித்திர நாவல்களில் வரும் பெண்களை ரொம்பப் பிடிக்கும். அவர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் மாட்டேன் என்பார்கள். நான்கு பக்கம் தள்ளிச் சரி என்பார்கள். அந்த நான்கு பக்கத்துக்குள் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. எழுதினவரே கேட்கவில்லை, படிக்கிறவர் எங்கே கேட்கப் போகிறார்?

அப்பா பெயர் நாகமுத்து. மலாக்காவில் ஜாசின் பக்கம், எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியே காலத்தைக் கழித்தவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, படிக்கிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மில் வாசலில் லோரி வரிசையில் காத்துக் கிடக்கும் நேரமெல்லாம் அவர் கையில் ஒரு தடித்த நாவல் இருக்கும். அவற்றில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய், காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருக்கிறார். அதன் தலைப்பு என்னவென்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கு 'வழுதி புக்கு' என்று பெயர்.

சர்க்கரை வந்து அப்பாவுக்குக் கண் போனது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நான் படிக்க வேண்டும், அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பத்து பெரண்டாம் என்கிற ஊர் ஃபேக்டரியில் வாரம் பூராவும் சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்து என் கண்ணும் எரியும். இருந்தாலும் படிப்பேன். அவருக்குக் கண் நன்றாக இருந்த காலத்தில், நான் ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கும் முச்சந்தியில் மழையோ வெயிலோ மோட்டாரோடு நின்றவர் அவர். வந்ததும் ஹெல்மெட்டை நீட்டி, "பசிக்குதாம்மா?" என்பார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் படித்துக் காட்டுவது பெரிய காரியம் இல்லை.

வழுதி புக்கின் கதையும் பெரிய கதை இல்லை. விசயவழுதி என்று ஓர் இளவரசன். யாழ்நங்கை என்று பகை நாட்டு இளவரசி. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து தன் கோட்டையின் மேல்மாடத்து அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். அவள் கத்துகிறாள், நகத்தால் கீறுகிறாள், அவன் கையைக் கடிக்கிறாள். அவன் சிரிக்கிறான். இந்த மாதிரி நாவல்களில் ஆண்கள் கடிபட்டால் சிரித்துத்தான் ஆக வேண்டும், கத்தினால் வீரனாக மாட்டார்கள். அப்புறம் அந்த வரி வரும். 'மறுத்த வாயே மலர்ந்தது. தள்ளிய கையே தழுவியது.' அதோடு அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயத்தில் குதிரைகள் வரும். என்ன சாதிக் குதிரை, என்ன நிறம், எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். அந்தப் பெண் மறுநாள் காலையில் எழுந்து என்ன நினைத்தாள் என்பதற்கு அரை வரி இல்லை.

அதே புத்தகத்தில் வேறு பெண்களும் உண்டு. ஒருத்தியைப் போரில் ஜெயித்த தளபதிக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். இன்னொருத்தி மானத்தைக் காப்பாற்றக் குளத்தில் குதித்துவிடுவாள். மானம் என்பது அந்த நாட்டில் பெண்களிடம் மட்டும் இருந்த சாமான் போலிருக்கிறது. குதித்தவளுக்கு நடுகல் நட்டு, அதற்கு ஒரு பாட்டும் பாடி, கதை மேலே போய்விடும்.

அந்தக் கோட்டை அறை அத்தியாயம் அப்பாவுக்கு எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது. அந்த வரி வரும்போது என்னோடு சேர்ந்து அவரும் சொல்வார். "என்னா எழுத்து பாரும்மா" என்பார். பதின்மூன்று வயதில் நான் அதைத் திருட்டுத்தனமாகப் படித்தபோது எனக்கே காது சூடானது. அதில் என் தப்பு ஒன்றும் இல்லை. காது சூடாகும்படிதான் எழுதி வைத்திருந்தார்கள்.

திலீப்பை எனக்கு மாப்பிள்ளையாக வீட்டில்தான் பார்த்தார்கள். ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். பார்க்க நன்றாக இருந்தான், மரியாதையாகப் பேசினான். வந்த முதல் நாளே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வழுதி கதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் கேட்டான். இந்தக் காலத்துப் பையன் யார் அப்படிக் கேட்பான்? அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

எங்களில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் ரெஜிஸ்டர், அப்புறம் கோயில். இரண்டு பேர் பேரிலும் லோன் போட்டு வீடு வாங்க வேண்டும் என்றால் ரெஜிஸ்டரை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, கோழிச் சோறு சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கோயிலில் தாலி ஏறுகிற வரைக்கும் பெண் அம்மா வீட்டில்தான் இருப்பாள். அதை யாரும் கல்யாணம் என்று கணக்கில் எடுப்பதில்லை. "சும்மா பேப்பர்லா" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். கோயில் கல்யாணம் எட்டு மாதம் தள்ளி இருந்தது.

ரெஜிஸ்டர் ஆன பிறகு ஒரு தடவை நானும் திலீப்பும் படத்துக்குப் போகக் கேட்டோம். அம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள். "தாலி ஏறட்டும். இன்னும் கல்யாணம் ஆகல" என்றாள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் வீட்டுச் சாவி கிடைத்தது. கிச்சன் கேபினட் போடுகிறவன் அளவெடுக்க வருகிறான், ஷாந்தினியும் இருந்தால் தேவலை என்று திலீப் என் அம்மாவிடம் கேட்டான். வேலை ஆட்கள் இருப்பார்கள் என்று அம்மா அனுப்பிவைத்தாள். ஆயர் குரோவில் புதுக் குடியிருப்புத் தாமான், வரிசையில் பாதி வீடுகள் காலி. உள்ளே சிமெண்டு வாடை அடித்தது. திலீப் வாசல் கிரில்லை இழுத்துப் பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கேபினட்காரன் வரவில்லை. அவனை வரச் சொல்லவே இல்லை.

நான் வேண்டாம் என்றேன். தமிழில் சொன்னேன், மலாயில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன். தள்ளினேன். அவன் கையைக் கட்டை விரலுக்குக் கீழே கடித்தேன், வாயில் ரத்தம் கரித்தது. அவன் சிரித்தான். "நடிக்காத ஷாந்தினி, எனக்குத் தெரியும்லா" என்றான். அதற்கு மேல் எனக்குப் பலம் இல்லை. என் வாய் மலரவில்லை. என் கை எதையும் தழுவவில்லை. தரை ஓட்டில் துடைக்காத வெள்ளைத் தூசி படிந்திருந்தது. முடிகிற வரைக்கும் அதை ஒரு விரலால் தேய்த்துக்கொண்டே கிடந்தேன்.

திரும்பி வரும் வழியில் அவன் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் காரை நிறுத்தி, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கறி வைத்த முர்தபா ரொட்டி வாங்கினான். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அவன் கையில் என்ன கட்டு என்று அம்மா கேட்டாள். "பூனை கடிச்சிருச்சு அத்தை" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து போய்க் குளித்தேன், மறுபடியும் குளித்தேன், தண்ணீர்த் தொட்டி காலியாகிற வரைக்கும் குளித்தேன்.

மறுநாள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். இந்திராதேவி என்ற என் அம்மா கல் நெஞ்சுக்காரி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். என் முதுகைத் தடவினாள். எல்லாம் முடிந்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "அவன் உன் புருஷன்தானம்மா. ரெஜிஸ்டர் ஆயிடுச்சே."

"தாலி ஏறல, இன்னும் கல்யாணம் ஆகலன்னு நீதானம்மா சொன்ன?"

"அது வேற."

எப்படி வேறு? படத்துக்குப் போக நான் மனைவி இல்லை. பூட்டிய வீட்டுக்குள் மட்டும் நான் மனைவி. இந்தக் கணக்கை யார் போட்டது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருந்தது.

"கார்டு குடுக்க ஆரம்பிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. ஆம்பளைங்க ஆரம்பத்துல அப்படித்தான் இருப்பாங்க, போகப் போகச் சரியாயிடும்" என்றாள். "உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத தாயி. போன வருஷம்தான் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அவரு தாங்க மாட்டாரு."

"நான் தாங்குவேனாம்மா?"

அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

போலீசுக்கும் போனேன், தனியாக. அங்கே இருந்த பெண் அதிகாரி நல்ல மாதிரி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, ரெஜிஸ்டர் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். புருஷன் என்றால் சட்டம் அதை அந்தப் பெயரால் எடுக்காது, அடித்துக் காயப்படுத்தினான் என்றுதான் எடுக்க முடியும், காயம் இருந்தால் காட்டுங்கள் என்றார். என் உடம்பில் காட்டுகிற மாதிரி ஒன்றும் மிஞ்சவில்லை. இருந்த ஒரே காயம் அவன் கையில் இருந்தது. அதை நான் எங்கே போய்க் காட்டுவது?

அப்புறம்தான் மலாக்கா டவுனில் ஒரு கடை மாடியில் பஷீரா அக்காவைப் பார்த்தேன். வக்கீல். ஃபேக்டரியில் கூட வேலை செய்கிறவள் ஒருத்தி சொல்லி அனுப்பினாள். பஷீரா அக்கா கதவைச் சாத்திவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். நான் அழுகிறபோது குறுக்கே பேசவில்லை.

"கோர்ட்டுக்குத் தாலி தேவையில்ல ஷாந்தினி. நீ போட்ட கையெழுத்து போதும்" என்றார். "கோயில் கல்யாணத்த நிறுத்தினாலும் நீ அவனுக்குப் பொண்டாட்டிதான். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகாம டிவோர்ஸ் மனு போட முடியாது."

"அதுவரைக்கும் நான் என்னாக்கா செய்றது?"

"தாங்க முடியாத கஷ்டம்னு சொல்லி, முன்கூட்டியே மனு போட ஜட்ஜ்கிட்ட அனுமதி கேக்கலாம். குடுப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. உன் வார்த்தையும் அவன் வார்த்தையும் மட்டும்னா ரொம்பக் கஷ்டம். உன் வீட்டு ஆள் ஒருத்தராவது உன் பக்கம் சத்தியம் பண்ணிச் சொல்லணும். அம்மா வருவாங்களா?"

நான் தலையை ஆட்டினேன், வர மாட்டாள் என்று.

"கோயில் கல்யாணத்துக்கு முன்னாடி அந்த ஆளோட வந்துரும்மா. தாலியும் கட்டி, நீ அந்த வீட்டுக்கும் போயிட்டின்னா, அப்புறம் எந்தக் கஷ்டத்தச் சொன்னாலும் ஏன் போனேன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

படியிறங்கினேன். கோயில் கல்யாணம் அடுத்த மாதம். எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். இத்தனை சொந்தம், இத்தனை கல்யாணக் கார்டு, அதில் ஒரே ஒரு ஆள். மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான். அவரிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இந்த பஸ் எங்காவது கவிழ்ந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். குளத்தில் குதித்தவளின் ஞாபகம் வந்தது. எனக்கு நடுகல் வேண்டாம். நான் உயிரோடு இருக்க வேண்டும், அவன் இல்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்துத் தாமானுக்குக் கார்டு கொடுக்கப் போனாள். மத்தியானத்துக்கு மேல் திலீப் வந்து அவளை அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வருவான், பிறகு நாங்கள் மூவரும் கல்யாணச் சேலை எடுக்கப் போக வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டில் அப்பாவும் நானும் சுழலும் காற்றாடியும்தான்.

"கோட்டை அறையைப் படிம்மா" என்றார் அப்பா.

அவர் கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் எடுத்திருப்பேன். படிக்க ஆரம்பித்தேன். யாழ்நங்கையின் கூந்தல் அவிழ்ந்தது, வளையல் உடைந்தது, எல்லாம் ஒழுங்காகப் படித்தேன். அவள் கடித்தாள். வழுதி நகைத்தான். அப்பா உதட்டைக் குவித்தார், அந்த வரியை என்னோடு சேர்ந்து சொல்வதற்கு.

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். நிறுத்தாமல் அதே குரலில் தொடர்ந்தேன்.

"அவள் வேண்டாம் என்றாள். அறையின் வாசலில் இரும்புக் கிரில் இருந்தது. வழுதி அதை இழுத்துப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்."

அப்பாவின் புருவம் சுருங்கியது. "கால்சட்டையா?"

"அறையில் சிமெண்டு வாடை அடித்தது. அளவெடுக்க வருகிறவன் வரவில்லை. அவள் மூன்று பாஷையில் வேண்டாம் என்றாள்."

"ஏம்மா, புக்குல அப்படி இல்லியே."

"இருக்குப்பா. எழுதாம விட்டுட்டாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது. வெள்ளைத் தூசியைச் சொன்னேன். விரலைச் சொன்னேன். நடிக்காதே என்று அவன் சொன்னதைச் சொன்னேன். ஒரு மகள் தகப்பனிடம் சொல்லக் கூசுகிறதை அவள், அவள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எந்த இடத்தில் அது நான் என்று மாறியது என்று எனக்கே தெரியாது. நான் முடித்தபோது அப்பா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார், அது ஓடிவிடும் என்பது போல.

பிடியை விடாமல் சொன்னார். "அந்த வரியைப் படிம்மா."

"எந்த வரிப்பா?"

"அதான்... அதைப் படிச்சிரும்மா. படிச்சிரு."

கெஞ்சினார். என் அப்பா கெஞ்சி நான் கேட்டதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்றதும் அவரே ஆரம்பித்தார். "மறுத்த வாயே மலர்ந்தது..." மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்துக் குழியில் நின்றது. "தள்ளிய கையே..." அதற்கு மேல் வரவில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. அந்த வரியை மட்டும் சொல்லிவிட்டால் போதும், மகள் பத்திரமாகிவிடுவாள், மாப்பிள்ளை நல்லவனாகிவிடுவான், அடுத்த அத்தியாயத்தில் குதிரைகள் வந்துவிடும்.

"அது நடக்கலப்பா."

"அப்புறமாவது... ஒருவேளை அப்புறமா உனக்கு..."

"அப்புறமா அவன் முர்தபா வாங்கினான். நீங்க சாப்பிட்டீங்க."

அப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து பஷீரா அக்கா சொன்னதை எல்லாம் சொன்னேன். ஒரே ஒரு ஆள் வேண்டும் என்றேன். "எனக்கு வேற யாரும் இல்லப்பா" என்று அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் தலை மேல் கையை வைக்கக்கூட இல்லை. வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா முதலில் உள்ளே வந்தாள், பின்னால் திலீப். புதுச் சட்டை, வாசனை. "என்னா மாமா, வழுதி எங்க வரைக்கும் வந்துட்டான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அப்பா வழக்கம்போலக் கையை நீட்டினார். அவன் வழக்கம்போல அதில் தன் கையைக் கொடுத்து, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அப்பாவின் கட்டை விரல் அவன் கை மேல் மெதுவாக நகர்ந்தது. எழுத்தைத் தொலைத்த பிறகு அவர் சில்லறை, மாத்திரை, பட்டன் எல்லாவற்றையும் விரலால்தான் பார்ப்பார். விரல் அந்தத் தழும்பில் போய் நின்றது. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. திரும்பத் திரும்பத் தடவினார்.

"இது என்னா தம்பி?"

"அதான் மாமா, அன்னிக்குச் சொன்னேனே. பூனை."

"எந்தப் பூனை?"

திலீப் என்னைப் பார்த்தான். அம்மா அவசரமாக, "ஏங்க, கிளம்பணும், கடையில கூட்டம் சேர்ந்துரும்" என்றாள். அப்பா பிடியை விடவில்லை.

"அவ வேணாம்னு சொன்னாளா தம்பி?"

காற்றாடி ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பி வந்தது. பிறகு திலீப் சிரித்தான். வெட்கப்படுகிற சிரிப்பு. "ஆலா மாமா, பொண்ணுங்க மொதல்ல சொல்றதுதான? உங்க புக்குலயே அப்படித்தான வருது. நீங்கதான எனக்குச் சொன்னீங்க."

அவன் அதைத் திமிராகச் சொல்லவில்லை. வாத்தியார் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட பையன் மாதிரி சொன்னான்.

அப்பா அவன் கையை விட்டார். தன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ போயிட்டு வா தம்பி" என்றார்.

"ஷாந்தினி வரலியா?"

"வர மாட்டா. சேலையும் வேணாம். ஒண்ணும் வேணாம்."

அம்மா பதறிப் போனாள். "என்னா பேசுறீங்க? ஊரெல்லாம் கார்டு குடுத்துட்டு இப்பதான் வர்றேன். அவ ஏதோ சொன்னான்னு... நீங்க என்னத்தக் கண்டீங்க?"

"கண்ணுதான் போச்சு இந்திரா" என்றார் அப்பா. "காது இருக்கு. இவன் வாயால சொன்னத நான் கேட்டேன். எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன்."

அப்போதுதான் திலீப்பின் முகம் மாறியது. எழுந்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டான். குரல் உயரவே இல்லை. "சொல்லுங்க மாமா. ஆனா சட்டப்படி அவ என் பொண்டாட்டி. ரெண்டு வருஷத்துக்கு எந்தக் கோர்ட்டும் ஒண்ணும் கேக்காது. நான் விசாரிச்சிட்டேன்."

விசாரித்திருக்கிறான். நான் மாடிப் படி ஏறித் தெரிந்துகொண்டதை அவன் எனக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறான். எப்போது விசாரித்தான்? ஆயர் குரோவுக்கு என்னைக் கூட்டிப் போவதற்கு முன்பா, பின்பா? இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடுவதில்லை.

அவன் வெளியே போனான், ஆனால் போகவில்லை. காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தான். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஷாந்தினி, வா, போகலாம்" என்று கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டான், கோபித்துக்கொண்ட பெண்டாட்டியைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி, தெருவே கேட்கும்படி. பார்க்கிறவர்களுக்கு அவன் நல்லவனாகத்தான் தெரிந்திருப்பான். அம்மா கார்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா சொன்னாலும் ஜட்ஜ் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. ஒப்புக்கொள்ளும் வரைக்கும் இவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிற்பான் என்றும் தெரியாது. ஃபேக்டரி வாசலில் நிற்பான், பஸ் நிற்கிற இடத்தில் நிற்பான். என் மனைவி என்று சொல்லுவான், அது உண்மையாகவும் இருக்கும்.

அப்பா எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார். கிரில்லை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினார். பூட்டைக் கண்டுபிடித்தார், அதை மாட்டுகிற துளைதான் கைக்கு அகப்படவில்லை. நான் போய் அதை வாங்கி மாட்டிப் பூட்டினேன்.

"பூட்டியாச்சா?"

"ஆச்சுப்பா."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"அதக் கையிலயே வச்சுக்கம்மா. யார் கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத."

சாய்வு நாற்காலியை இழுத்து வரச் சொல்லி, கிரில்லை ஒட்டிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே மறுபடியும் ஹார்ன் அடித்தது. அப்பா அசையவில்லை.